முட்டையிடாத கோழிகளும் தடுப்பூசிச் சீட்டில் இல்லாத வைரஸும்

முட்டைக்கோழிக் குஞ்சு இறக்கியிருப்பவர்களும் இறக்கப் போகிறவர்களும் இதை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூச்சுக்குழல் அழற்சி (ஐ.பி.) என்ற வைரஸ் நோயால் முதல் இரண்டு வாரத்தில் வந்து தானாகவே போய்விடும் ஒரு தும்மல், ஐந்தாறு மாதம் கழித்து ஒரு குடும்பத்தையே கடனில் இறக்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நோயையே தடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முட்டையிடவே முடியாத கோழிகளுக்கு மாதக்கணக்கில் தீவனம் போட்டிருக்க மாட்டேன். எனக்குப் போன ஒன்றரைக் கோடி கியாட்டில் பாதிக்கு மேல் அப்படிப் போனதுதான்.

எங்கள் பண்ணை மியான்மரில், யாங்கோனிலிருந்து பெகு போகும் சாலையில், லேகூ தாண்டி உள்ளே இருக்கிறது. மாமனார் காலத்தில் நெல்லும் உளுந்தும் போட்ட நிலம். அவர் போன பிறகு, கணவர் மலேசியாவில் உழைத்து அனுப்பிய பணத்தில் கோழிக் கொட்டகை எழுப்பினோம். சுற்றிலும் மீன் குளத்தின் மேல் கால் நட்டுக் கட்டிய கொட்டகைகள் நிறைய உண்டு. ஒன்றில் இறைச்சிக் கோழி, அடுத்ததில் முட்டைக் கோழி, இன்னொன்றில் நேற்று வந்த குஞ்சு என்று எல்லா வயதுக் கோழிகளும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பிற்பாடுதான் விளங்கியது.

மழை முடிந்து கார்த்திகையில் 2,500 குஞ்சுகள் இறக்கினோம். பொரிப்பகத்தில் முதல் நாளே மூச்சுக்குழல் அழற்சிக்குத் தடுப்பு மருந்து தெளித்துத்தான் அனுப்பினார்கள். சீட்டில் தேதியோடு எழுதியும் இருந்தது. இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு வேலைக்கார பர்மியத் தம்பி வந்து, "அக்கா, குஞ்சுகள் தும்முகின்றன" என்றான். விளக்கை அணைத்துவிட்டு நின்று கேட்டோம். பகலில் கேட்காத சத்தம் இருட்டில் தெளிவாகக் கேட்டது. ஈரமான கரகரப்பு, நடுவே சின்னச் சின்னத் தும்மல். காலையில் பார்த்தால் மூக்கோரம் நீர், கண்ணில் நுரை, சூடு தரும் புரூடர் விளக்கின் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும் குஞ்சுகள். இரண்டே நாளில் கொட்டகை முழுவதும் பரவிவிட்டது. விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: குளிர்காலத்துச் சளி, தடுப்பூசியின் எதிர்வினை, விட்டமின் கொடுத்தால் போய்விடும். வெப்பத்தைக் கூட்டினோம், தண்ணீரில் விட்டமினும் உப்புச் சத்தும் கலந்தோம். சொற்பக் குஞ்சுகள்தான் செத்தன. சில நாட்களில் சத்தம் அடங்கியது. அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோழிக் குஞ்சு முதல் இரண்டு வாரத்தில் தும்மினால், அது குணமாகிவிட்டதா என்பதோடு கேள்வி முடியவில்லை. அன்றே மாதிரி எடுத்து வையுங்கள். புதிதாக நோய் கண்ட ஐந்தாறு குஞ்சுகளின் வாயைத் திறந்து, மேலண்ணப் பிளவிலோ மூச்சுக்குழாய் வாயிலோ பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்க வேண்டும். இந்த வைரஸ் மூச்சுக்குழாயில் அதிகமாக இருப்பது நோய் தொற்றிய முதல் வாரத்தில்தான். பிறகு குறைந்துகொண்டே போய் இல்லாமலாகிவிடும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத நம் ஊரில் மாதிரியைக் குளிரில் வைப்பது பெரும்பாடு. எஃப்.டி.ஏ அட்டை என்று ஒரு தடித்த காகிதம் கிடைக்கிறது. பஞ்சை அதில் அழுத்தி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, உறையில் போட்டுவிடலாம். அதில் உள்ள மருந்து வைரஸைக் கொன்றுவிடும், ஆனால் மரபணுப் பொருள் தங்கும். பனிக்கட்டி தேவையில்லை. தடுப்பூசி நிறுவனப் பிரதிநிதிகளிடம் அட்டை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கோழிகள் அழகாக வளர்ந்தன. எடை சரி, இறகு பளபளப்பு, பார்த்தவர்கள் கண் பட்டுவிடும் என்றார்கள். ஒரு குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்குள் ஆறு கிலோவுக்கு மேல் தின்றுவிடும். அதற்காகத் தீவனக் கடையில் கடன், அது போதாமல் என் நகைகள் அடகுக் கடையில். முதல் முட்டை வந்ததும் கணவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குள் 90 சதவீதம், அதாவது நூறு கோழிக்கு நாளுக்கு 90 முட்டை, வந்துவிடும், ஆவணிக்குள் நகையைத் திருப்பிவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டோம்.

ஏறவில்லை. 52 சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. கொண்டை சிவந்திருக்கிறது, கூண்டுக்குள் கோழி உட்கார்ந்து எழுகிறது, தீவனமும் தின்கிறது, முட்டை மட்டும் விழவில்லை. அப்போது சித்திரை வெயில். அது எல்லாருக்கும் வசதியான காரணமாகப் போய்விட்டது. வெப்பத்தால் முட்டை குறையும் என்பது உண்மைதான். அதனால் கூரையில் தண்ணீர் தெளித்தேன், மின்விசிறிக்கு ஜெனரேட்டர் டீசல் ஊற்றினேன். தீவனக் கடை அண்ணன் கிளிஞ்சல் தூள் கூட்டச் சொன்னார். இன்னொருவர் குடற்புழு என்றார். விளக்கு நேரம் போதவில்லை என்றார் ஒருவர். ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று, அது முடிந்ததும் இன்னொரு விலை கூடிய மருந்து. தினமும் 275 கிலோ தீவனம், எங்கள் கணக்கில் 168 வீசை, காலையில் கொட்டும்போதெல்லாம் வயிறு எரியும். முட்டை வியாபாரி வண்டியோடு வந்து பாதித் தட்டுகளை வெறுமையாகவே எடுத்துப் போவார். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் இரவில் விழித்துக் கொண்டிருப்பார்கள். கணவரிடம் தொலைபேசியில் "வெயில் குறைந்ததும் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கைராசிதான் சரியில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது காதில் விழுந்த நாளில் கொட்டகைக்குள் நின்று அழுதேன்.

மழை இறங்கி வெயில் தணிந்தும் முட்டை ஏறவில்லை. யாங்கோனிலிருந்து ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். அந்தச் சயா (மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) மருந்து எழுதவில்லை. கொட்டகையைச் சுற்றி வந்து, வயிறு தொங்க நிமிர்ந்து நின்ற சில கோழிகளைக் காட்டி, "இவற்றைப் பிடியுங்கள்" என்றார். உலகமெங்கும் பண்ணைக்காரர்கள் பென்குயின் நிற்பு என்று சொல்வது அதைத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒன்றை அறுத்துத் திறந்தார். கருவகத்தில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாகக் குலையாக, குறையொன்றும் இல்லாமல் இருந்தன. அவை இறங்கிவர வேண்டிய முட்டைக் குழாய் இருக்கும் இடத்தில் தண்ணீர் நிரப்பிய பலூன் போல ஒரு பை. கத்தி பட்டதும் தெளிந்த நீர் கொட்டியது. அடுத்த கோழியில் குழாய் நூலாக மெலிந்து பாதியில் நின்றிருந்தது, மஞ்சள் கரு வயிற்றுக்குள்ளேயே உடைந்து கிடந்தது. கருவகம் வேலை செய்வதால் கொண்டை சிவக்கிறது, முட்டையிடும் கோழியின் குணமெல்லாம் வருகிறது. முட்டை வெளிவர வழிதான் இல்லை. "குஞ்சில் தும்மல் வந்ததா?" என்று சயா கேட்டார். கால் கையெல்லாம் சில்லிட்டுப் போனது.

அறுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கோழிக்கு இடப்பக்கத்து முட்டைக் குழாய்தான் வேலை செய்யும். வலப்பக்கத்தில் மிச்சமிருக்கும் துண்டில் சிறு நீர்ப்பை இருப்பது நல்ல கோழியிலும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து மந்தையை விற்றுவிடாதீர்கள். இடப்பக்கத்தைப் பாருங்கள், ஒன்றோடு நிறுத்தாமல் சில கோழிகளைப் பாருங்கள். குஞ்சுப் பருவத்தில் அந்தக் குழாய் மிகச் சிறிதாக இருக்கும்போது வைரஸ் அதன் உள் சுவரைக் கெடுத்துவிட்டால் அது பிறகு வளராது. எந்த மருந்தும், எந்தத் தீவனமும் அதைத் திரும்பக் கொண்டுவராது. வளர்ந்த கோழிக்கு அதே நோய் வந்தால் முட்டை குறையும், ஓடு சுருங்கிக் கோணலாகும், உள்ளே வெள்ளைக் கரு தண்ணீராக இளகும். அது ஓரளவுக்காவது தேறும். எங்களுடையது தேறாத வகை.

எந்தக் கோழி இடும், எது இடாது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியவில்லை. வயிறு தொங்கியவை சிலதான். மற்றவை முட்டையிடும் கோழிகளைவிட அழகாக இருந்தன. சயா சொன்னபடி கூண்டுக்கு ஒரு கோழியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து, முட்டை விழுந்த கூண்டின் முன்கம்பியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டோம். கோடே விழாத கூண்டுகளை அத்தையும் நானும் மாலையில் எண்ணுவோம். நாட்கள் பிடிக்கும், எரிச்சலான வேலை, ஆனால் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. கோழிக்கு 30 வார வயது ஆகியும் முட்டை எண்ணிக்கை ஏறாமல் நிற்கிறது, கொண்டை மட்டும் சிவந்திருக்கிறது என்றால், மருந்துக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். கோடு விழாதவற்றை இறைச்சிக்கு வீசைக் கணக்கில் விற்றேன். குஞ்சாக வாங்கிய நாள் முதல் போட்ட காசில் கால்வாசிகூட வரவில்லை. ஆனாலும் மறுநாள் தீவன மூட்டை பாதி குறைந்தபோது மூச்சு விட முடிந்தது.

பொரிப்பகத்திடம் கேட்டதற்கு, "நாங்கள் தடுப்பூசி போட்டோமே" என்றார்கள். உண்மை, போட்டிருந்தார்கள். அடுத்த தவணைத் தடுப்பு மருந்தை நானும் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். பனிப்பெட்டியில் கொண்டுவந்து, குளோரின் கலக்காத கிணற்று நீரில், லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பெடுத்த பால் தூள் கலந்து, விடியற்காலையில் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்குத்தான் வைத்தேன். பிறகு எப்படி வந்தது? இதற்கு விடை தேடித்தான் இராப்பகலாகப் படித்தேன், சயாவைத் தொந்தரவு செய்தேன்.

மூச்சுக்குழல் அழற்சியை உண்டாக்குவது ஒரு கொரோனா வைரஸ். கோவிட் வைரஸின் தூரத்து உறவு, மனிதரைத் தாக்காது. கோவிட் காலத்தில் செய்திகளில் அடிபட்ட கூர்முள் புரதம் இதற்கும் உண்டு. அதன் முனைப் பகுதியான எஸ்1-ஐத்தான் கோழியின் நோயெதிர்ப்பு அடையாளம் காண்கிறது. மாறுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். இந்த வைரஸின் மரபணு சுமார் 27,600 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ இழை. பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழைகள் விழும். அதைவிடப் பெரிய தாவல், ஒரே கோழிக்குள் இரண்டு வகை வைரஸ்கள் ஒரே நேரத்தில் புகும்போது நடக்கிறது. பிரதி எடுக்கும் நொதி ஓர் இழையிலிருந்து மற்றதற்குத் தாவி, இரண்டையும் வெட்டி ஒட்டிய புதிய வைரஸை உண்டாக்கிவிடும். எல்லா வயதுக் கோழிகளும் நெருக்கமாக, எப்போதும் எங்காவது ஒரு கொட்டகையில் நோய் ஓடிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்ற வட்டாரங்கள் அதற்கு ஏற்ற இடம். இதைப் படித்த அன்று மீன் குளத்துக் கொட்டகைகளைப் பார்த்தபோது எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன.

நோயை முதலில் விவரித்தது 1931-இல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில். மாசசூசெட்ஸ் வகைக்கு எதிரான பாதுகாப்பு கனெக்டிகட் வகையை நிறுத்தாது என்று 1950களிலேயே கண்டுவிட்டார்கள். என் குஞ்சுகளுக்குப் போட்ட எச் 120 மாசசூசெட்ஸ் வகையைச் சேர்ந்தது. நெதர்லாந்தில் கிடைத்த வைரஸைக் கோழி முட்டைக் கருவில் 120 முறை வளர்த்து வீரியம் குறைத்ததால் அந்தப் பெயர். நல்ல மருந்துதான், இன்றும் அடித்தளம் அதுதான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் 4/91 என்ற வகை கிளம்பியது. 1996-இல் சீனாவின் சிங்டாவ் நகரப் பகுதியில் கியூஎக்ஸ் என்ற வகை கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் ஐரோப்பா வரை போனது. அங்கே நெதர்லாந்துப் பண்ணைகளில் முட்டையிடாத கோழிகள் கூட்டம் கூட்டமாகத் தெரியவந்தபோது பிடிபட்டது இந்த வகைதான். சிறுநீரகத்தையும் வெளுத்து வீங்க வைக்கும். 2016-இல் ஆய்வாளர்கள் எஸ்1 மரபணுவை ஒப்பிட்டு இந்த வைரஸ்களை 6 பெரும் பிரிவுகளாகவும் 32 கிளைகளாகவும் வகுத்தார்கள். அதற்குப் பின்னும் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மாசசூசெட்ஸ் முதல் கிளை, 4/91 பதின்மூன்றாவது, கியூஎக்ஸ் பத்தொன்பதாவது. அவ்வளவு கிளைகளில் ஒன்றுக்கான மருந்துதான் என் குஞ்சுகளுக்குப் போட்டது, சீட்டில் அதன் பெயரைக்கூட எழுதாமல் "ஐ.பி. போடப்பட்டது" என்று மட்டும் இருந்தது.

என் கோழிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது எதிர்ப்பொருள் நிறைய இருந்தது. அது எந்த வகைக்கு எதிரானது என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. தடுப்பூசியாலும் வரும். பி.சி.ஆர். செய்தாலும் வெறும் "உண்டு" என்ற பதிலை நம்பாதீர்கள். உயிருள்ள தடுப்பூசியின் வைரஸே வாரக்கணக்கில் கோழிக்குள் இருக்கும், அதையும் "உண்டு" என்றுதான் காட்டும். எஸ்1 பகுதியின் வரிசையைப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். மழைக்காலத்தில் பக்கத்துப் பெரியப்பாவின் இறைச்சிக் கோழிக் குஞ்சுகள் அதே போலத் தும்மின. அவரே ஓடிவந்து சொன்னார். பஞ்சுக் குச்சியும் அட்டையுமாகப் போனேன். ஒரு தடுப்பூசி நிறுவனப் பிரதிநிதி வழியாக வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய், வாரங்கள் கழித்து விடை வந்தது: பத்தொன்பதாவது கிளை. என் கொட்டகைக்குள் வந்ததும் அதுவேதான் என்று காட்ட என்னிடம் அன்றைய மாதிரி இல்லை. ஆனால் அறுத்த கோழிகள் காட்டிய தடம் அதோடு பொருந்துகிறது.

இப்போது குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குகிறேன். முதல் நாள் போட்டது எந்த வகை. தாய்க்கோழிகளுக்கு என்னென்ன வகைகள் போடப்பட்டன, ஏனென்றால் முதல் இரண்டு வாரம் குஞ்சின் முட்டைக் குழாயைக் காப்பதில் தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது வகையாக 4/91 எப்போது. மாசசூசெட்ஸும் 4/91-உம் சேர்ந்தால், இரண்டிலும் சேராத சில வகைகளுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பொரிப்பகம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தது. அங்கே வாங்கவில்லை. கியூஎக்ஸுக்கே தனியாக உயிருள்ள தடுப்பூசி சில நாடுகளில் விற்கிறது. எல்லை தாண்டி அதைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து போடலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதுவும் உயிருள்ள வைரஸ். அந்த வகை இல்லாத பகுதியில் இறக்கினால் வெட்டி ஒட்டிக்கொள்ள இன்னொரு துணையைக் கொடுத்தது போலாகும். கால்நடைத் துறையிடம் அனுமதியுள்ளவற்றைக் கேளுங்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பு மருந்தையும் மூச்சுக்குழல் அழற்சித் தடுப்பு மருந்தையும் நீங்களாகவே ஒரே தண்ணீரில் கலக்காதீர்கள். ஒன்று மற்றதைத் தடுக்கும். சிறுநீரகம் கெட்ட கோழிக்குச் சல்ஃபா மருந்து கொடுத்தால் சாவு கூடும். தும்மல் என்றதும் கடையில் எடுத்துக் கொடுப்பது பல நேரம் அதுதான்.

கொட்டகையை இரண்டு வாரத்துக்கு மேல் காலியாக வைத்துக் கழுவி, ஒரே வயதுக் குஞ்சுகளாக இரண்டாவது தொகுதியை இறக்கினோம். 90 சதவீதத்தைத் தொட்டது. நகையில் பாதி திரும்பியிருக்கிறது. பெரியப்பாவும் நாங்களும் பக்கத்து மூன்று கொட்டகைக்காரர்களும் பேசி, யார் கொட்டகையில் தும்மல் கேட்டாலும் அன்று மாலைக்குள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறோம். சொன்னவரைக் குறைசொல்வதில்லை என்பதும் அந்தப் பேச்சில் உண்டு. இன்னும் சரிப்படாதது முட்டைத் தட்டுதான். வியாபாரியின் பிளாஸ்டிக் தட்டுகள் ஊரெல்லாம் சுற்றி வருகின்றன. வாசலில் மருந்துத் தொட்டி வைத்து முக்கி எடுத்த பிறகே உள்ளே விடுகிறோம். வண்டிக்காரர் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கிறார். அந்தக் காத்திருப்புக்காக முட்டைக்கு ஒரு கியாட் குறைத்துக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.